காலித் தொட்டியே கொடியது



சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு வண்டிகளும் பட்டறைகளும் புதியவை அல்ல. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். சங்ககிரி லாரித் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. சமையல் எரிவாயுவைச் சுமந்து செல்லும் டேங்கர் லாரிகள் பலவற்றுக்கும் நாமக்கல்லே தாயகம். எனவே, வெல்டிங் தெரிந்த ஓர் இளைஞரைத் தேடி நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. இந்த வசதியே சில வேளைகளில் வினையாகிவிடுகிறது.

வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. அம்பாசிடராக இருக்கலாம், 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியை இன்னும் பேணி வருவோர் உண்டு. அதன் பெட்ரோல் தொட்டி துருப்பிடித்து ஒழுகத் தொடங்குகிறது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் அந்த நீர் அடியில் தங்கி, இரும்புத் தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. அப்போது வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார்? “பெட்ரோலை வடித்துவிட்டு, தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் ஓர் ஒட்டுப் போட்டு வந்தால் செலவு மிச்சம்” என்று நினைக்கிறார். பட்டறையில் கேட்டால், “காலித் தொட்டிதான் தம்பி, பயப்படாதே” என்கிறார்.

பயப்பட வேண்டியது அந்தக் காலித் தொட்டிக்குத்தான்! எரிவது பெட்ரோல் என்னும் திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே. நிறைந்த தொட்டிக்குள் ஆவி மிகுதி, காற்றோ குறைவு; ஆகையால் உள்ளே தீப்பற்றுவது அரிது. வடித்த தொட்டியிலோ காற்று புகுந்து ஆவியோடு கலக்கிறது. காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தாலே அது வெடிக்கும் கலவை. கணக்கிட்டுப் பாருங்கள்: 50 லிட்டர் தொட்டி ஒன்றை வெடிகுண்டாக்க, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் போதும். தகட்டின் மடிப்பிலும் துருவின் இடுக்கிலும் அதற்கு மேலேயே ஒளிந்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அது முழுவதும் போய்விடாது. டீசல் தொட்டிதானே என்றும் அலட்சியம் வேண்டாம். வெல்டிங் வெப்பத்தில் டீசல் கசடும் ஆவியாகி வெடிக்கும்.

எரிபொருள் இருந்த கலத்தை ஆவியின்றித் தூய்மையாக்கிய பின்னரே பழுதுபார்க்க வேண்டும் என்று நாட்டின் பெட்ரோலிய விதிகளும் கூறுகின்றன. பெரிய டேங்கர்களை நீராவியால் கழுவி, கருவி கொண்டு சோதித்துச் சான்று பெற்ற பின்பே நெருப்பை அண்டவிடுவது முறை. நம் தெருமுனைப் பட்டறையில் அத்தகைய கருவி ஏது? ஆகவே ஒழுகும் பெட்ரோல் தொட்டிக்கு ஒட்டுப் போடாதீர்கள். புதிய தொட்டியை வாங்கி மாற்றுங்கள்.

மாற்றும் வேலையைக் கைத்தேர்ச்சி உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் எரிபொருளை அழுத்தத்தில் செலுத்தும் இன்றைய கார்களைப் பணிமனைக்கே விட்டுவிடுவது நல்லது. பழைய வண்டியாயின், தொட்டியில் எரிபொருள் மிகவும் குறைந்திருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். உரிமமின்றி 30 லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சேமித்து வைக்கச் சட்டம் இடந்தராது. திறந்த வெளியில், வெயில் ஏறுமுன் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஆதலால் மூடிய கொட்டகையும் பள்ளமும் ஆகா. சமையலறை அடுப்பை அணைத்துவிடுங்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது. உலர்மணலும் தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீயணைப்பு நிலையத்தின் எண் 101.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வண்டியை வெறும் ஜாக்கியிலோ செங்கல்லிலோ நிறுத்தாமல், உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். பெட்ரோலைக் கைப்பம்பினால், தரையில் வைத்த மூடியுள்ள இரும்புக் கலத்தில் இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் நிலைமின்சாரப் பொறி எழக்கூடும். குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை அறவே விடுங்கள். நுரையீரலில் புகும் சிறிதளவு பெட்ரோலும் உயிருக்கு உலை வைக்கும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிறகு தொட்டியின் அடியில் பலகையும் ஜாக்கியும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, குழாய்களையும் அளவுமானியின் கம்பியையும் விடுவித்து, பட்டைகளைத் தளர்த்தி, மெல்ல இறக்குங்கள். புதியதைப் பொருத்தும்போது பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் மாற்றுவது சிக்கனமே. சிறிதளவு பெட்ரோல் ஊற்றி, கசிவில்லை என்று கண்ட பின்பே பேட்டரியை இணையுங்கள்.

வடித்த பெட்ரோல் கசடைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். அது நிலத்தடி நீரைக் கெடுக்கும்.

இனி, கழற்றிய தொட்டி. அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போதுதான் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அங்கே அதை காஸ் கட்டரால் அறுக்கப்போகிறவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. அவருடைய கூலியை நம்பி அங்கும் ஓர் அடுப்பு எரிகிறது. எடைக்கு எடுப்பவரிடம், “இது பெட்ரோல் இருந்த தொட்டி, நெருப்பு வைக்காதீர்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சுண்ணக்கட்டியால் அதன்மேல் பெரிதாக எழுதியும் அனுப்புங்கள். காலி என்று சொல்லி ஒருவரை நெருப்பின் அருகே அனுப்புவதைவிட, உள்ளதை உள்ளபடி சொல்வது எவ்வளவு எளிது!