அக்டோபரா, ஒக்டோபரா?

பதுளையில் ஒரு கலண்டரையோ பாடப்புத்தகத்தையோ பாருங்க: ‘ஒக்டோபர்’, ‘பெப்ரவரி’ன்னு இருக்கும். போனைத் தமிழுக்கு மாத்தி, நாட்டை இலங்கைன்னு குடுத்தாலும் அது ‘அக்டோபர்’, ‘பிப்ரவரி’ன்னுதான் காட்டும். யாரோ விட்ட எழுத்துப்பிழை இல்லை இது. அமைப்புக் கோப்புகள் வேலை செய்யிற விதமே அப்படி.

மாதப் பெயர், நேரம், நாணயம் போன்றவற்றுக்கு யூனிகோட் அமைப்பு மொழிவாரியாகக் கோப்புகள் வைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பின் பெயர் சீஎல்டிஆர். ஆண்ட்ராய்டும் ஐபோனும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. அதில் பொதுத் தமிழ்க் கோப்பு தாய். நாடு குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவையே எடுத்துக்கொள்ளும். இலங்கைத் தமிழ்க் கோப்பு பிள்ளை. பிள்ளையில் வேறுபடுவதை மட்டும் எழுதினால் போதும்: 24 மணி நேர முறை, இலங்கை ரூபாயின் குறி, அவ்வளவுதான். எழுதாததை எல்லாம் தாயிடம் போய்க் கேட்கும்.

நல்ல ஏற்பாடுதான். எல்லாத்தையும் முதல்லயிருந்து எழுதணும்னா இலங்கைத் தமிழுக்குக் கோப்பே வந்திருக்காது. சிக்கல் என்னன்னா, காலி இடம் காலியாத் தெரியாது. பிழைச்செய்தி வராது. இன்னொருத்தர் வழக்கம் சத்தமில்லாம வந்து உக்காந்துக்கும்.

மலையகத்துக்கு இது புதுசா? 1911 குடிசன மதிப்பீடு எங்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாகப் பிரித்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தது போதாது, அப்பாவும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்த எத்தனையோ பேரிடம் அந்தக் கடதாசி இல்லை. காலியாக இருந்த இடத்தில் ‘இந்தியா’ என்று நிரப்பினார்கள். 1964 ஒப்பந்தம் 525,000 பேரை அங்கே அனுப்பத் தீர்மானித்தது.

ரெண்டும் ஒரே எடைன்னு சொல்ல வரலை. ஒரு எழுத்தால யாருக்கும் நாடு போகாது, நாட்சம்பளமும் குறையாது. ஆனா பாடம் ஒண்ணுதான்: நாம எழுதாத இடத்தை மத்தவங்க எழுதிருவாங்க.

தாய்க்கோப்பை மாத்தச் சொல்லலை. தமிழ்நாட்டுக்கு அது சரி. பிள்ளைக் கோப்பில் சில வரி சேர்த்தால் போதும். சீஎல்டிஆரில் தன்னார்வலர்களும் பரிந்துரைக்கலாம், வாக்களிக்கலாம். பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ‘ஓகஸ்ட்’டா ‘ஆகஸ்ட்’டா என்று முதலில் நமக்குள்ளே சண்டை போட்டு முடிப்போம். அப்புறம் எழுதிப் போடுவோம்.