கரி கிருமியைக் கொல்லுமா? புனே தண்ணீர் காட்டிய உண்மை

புனே நகரின் தென்மேற்கே, சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி பகுதிகளில் 2025 ஜனவரியில் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் பரவியது. மாவட்டம் முழுவதும் 200-க்கு மேற்பட்டோர் கை கால் வலுவிழந்து படுத்தனர், சிலர் இறந்தனர். நோயாளிகள் சிலரின் மலத்தில் காம்பிலோபாக்டர் என்ற குடல் கிருமி தென்படவே, சந்தேகம் தண்ணீர் மீது விழுந்தது.

மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்ட பின்னும் அங்குள்ள சில கிராமங்களுக்கு முழுச் சுத்திகரிப்பு எட்டவில்லை. கிணற்று நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து விட்டார்கள். குழாயை நம்பாதவர்கள் கேன் தண்ணீர் வாங்கினார்கள். அதுவும் கைகொடுக்கவில்லை. பிப்ரவரியில் அந்த வட்டாரத்தின் 30 தனியார் ஆர்.ஓ. நிலையங்களுக்கு மாநகராட்சி சீல் வைத்தது. சிலவற்றுக்கு அனுமதி இல்லை. சிலவற்றின் நீரில் மலக் கிருமி இருந்தது. சில நிலையங்கள் கிருமிநாசினியே சேர்க்கவில்லை.

இயந்திரத்தில் சுத்தம் செய்த தண்ணீரில் கிருமி எப்படி வந்தது? அங்கேதான் கரியின் கதை வருகிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வுக்கு முன்னால் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரி வைப்பார்கள். பெரும்பாலும் நம் ஊர்க் கொட்டாங்கச்சிதான் அதற்கு மூலப்பொருள். காற்றுப் படாமல் சுட்டு, பிறகு கடும் வெப்பத்தில் நீராவி செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் துளைப் பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு வரும்! பூச்சிமருந்து, சாயம், கெட்ட வாடை முதலிய கரிமப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சாயப்பட்டறைக் கழிவுநீரிலும் இதற்கு வேலை உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம், ஆலைகள் நிறைந்த ஒஹையோ நதியின் நீரை 1992 முதல் கரிப் படுகை வழியாகவே அனுப்புகிறது.

ஆனால் கரி கிருமியைக் கொல்வதில்லை. அதைவிட முக்கியம், அது குளோரினையும் நீக்கிவிடும். குளோரின் பட்டால் சவ்வு கெடும் என்பதால் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். சவ்வு சரியாக இருந்தால் கிருமியைத் தடுக்கும். வெளிவரும் நீருக்கோ காவல் கிடையாது. கழுவாத தொட்டி, கைபட்ட குழாய், வீடு வீடாகச் சுற்றிய கேன், இவற்றில் ஏதாவது ஒன்றில் கிருமி நுழைந்தால் தடுக்க ஆளில்லை. நாள்பட்ட கரிப் படுகையோ, ஒட்டிய அழுக்கையே கிருமிகளுக்குத் தீனியாக்கும். அதனால்தான் முறையான நிலையங்கள் கடைசியில் புறஊதா ஒளியோ ஓசோனோ செலுத்துகின்றன. அதற்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். சில்லறை விலைக்குக் கேன் நிரப்புகிறவர் முதலில் கைவைப்பது அந்தச் செலவில்தான்.

கட்கியிலும் பிம்ப்ரியிலும் ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கி வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு வாசனையில்லாத தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர். வாசனை போனது கரியால். கிருமி போனதா என்பதை நாக்கு சொல்லாது. சந்தேகமுள்ள நாள்களில் கேன் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துக் குடிப்பதே வழி. ஸ்டவ்வுக்கு ஆகும் கேஸ் செலவும் அந்த நால்வர் கணக்கில்தான் ஏறும்.