வாலும் தலையும்



நீட் தேர்வு முடிவு வெளியானதற்கு அடுத்த ஞாயிறன்று, நல்ல மதிப்பெண் பெற்ற இரண்டு பிள்ளைகளைப் பீடத்தின் முன் அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன். சபையார் எழுந்து நின்று துதித்தீர்கள். அந்நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மகள் எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினாள். அவளும் அதே தேர்வை எழுதியவள். ஏப்ரல் மாதத்தில் அவள் தலைமீதும் கைவைத்து ஜெபித்தவன் நான். அன்றுமுதல் அவள் ஆராதனைக்கு வரவில்லை. கடந்த வாரம் அவளைச் சந்தித்தேன். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்வி ஒன்றே: "ஐயா, அவர்கள் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவர் என் ஜெபத்தை ஏன் கேட்கவில்லை?"

அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். ஆகவே இந்த வாரத் தியானம் அவளைத் தேற்றுவதற்கு முன்பாக நம்மைக் கண்டிக்கட்டும். முதலில் என்னை.

உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் தலையையும் வாலையும் குறித்துச் சொல்லப்பட்ட வாக்குத்தத்தத்தை அட்டையில் அச்சிட்டுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறோம். அது யாருக்குச் சொல்லப்பட்டது? அடிமைத்தனத்திலிருந்து வெளிவந்த ஒரு முழு ஜனத்தோடு தேவன் செய்த உடன்படிக்கையின் வாக்கு அது. ஏழைகளையும் அந்நியரையும் விதவைகளையும் குறித்த கட்டளைகளோடு பின்னிக் கிடப்பது. அதைக் கிழித்தெடுத்துத் தரவரிசைப் பட்டியலில் ஒட்டுவது வேதத்தின்மேல் செய்யும் வன்முறை. கணக்கும் அதற்கு இடங்கொடாது. 2025இல் இத்தேர்வை எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாடெங்கும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைத் தாண்டும், இரண்டு லட்சத்தை எட்டாது. யார் எத்தனை நாள் உபவாசித்தாலும் ஏறத்தாழ 20 லட்சம் பிள்ளைகள் இடமின்றித் திரும்பியே ஆகவேண்டும். அவர்களையெல்லாம் தேவன் வாலாக்கினார் என்று பிரசங்கிக்க எவருக்குத் துணிவுண்டு?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். அந்த ஆண்டு பொதுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 144. ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் பெற அதைப்போல் சில மடங்கு வேண்டும். நடுவில் நிற்கிற பிள்ளைகளில் வசதியுள்ளவர் தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டிச் சேருகிறார். வசதியற்றவர் வீடு திரும்புகிறார். முன்னவர் மேடையேறி, "கர்த்தர் வாசலைத் திறந்தார்" என்று சாட்சி சொல்கிறார். அந்த வாசலைத் திறந்தது அவருடைய தகப்பனார் விற்ற நிலம். நிலத்தை விற்பது பாவமல்ல. அதற்குத் தேவனுடைய தயவென்று பெயரிட்டு, நிலமில்லாதவர் முன்னிலையில் அறிவிப்பதுதான் பாவம்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் பாவமா, பெற்றோரின் பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார் அவர். நம்முடைய ஜெபக்கூட்டங்களில் அந்தச் சீஷர்கள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். "பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருந்தது", "குடும்ப ஜெபம் குறைந்துவிட்டது", "தசமபாகத்தில் உண்மையில்லை" என்று காரணம் கண்டுபிடிக்கிறார்கள். தவறான விடை ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் கழிக்கிறது அந்தத் தேர்வு. நாம் எவ்வளவு கழிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பொருத்தனை செய்த பெற்றோரே, அன்னாளை மேற்கோள் காட்டாதிருங்கள். அவள் ஒரு பிள்ளையைக் கேட்டாள், அந்தப் பிள்ளையையே கொடுத்துவிட்டாள். "இடம் தந்தால் மகனை மருத்துவ மிஷனெரியாக்குவேன்" என்பது பேரம். பல குடும்பங்களில் மருத்துவமும் பொறியியலும் கிட்டாத மகனைத்தான் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பார்கள். என் வகுப்புத் தோழர்களிலும் அப்படி வந்தவர்கள் இருந்தார்கள், நானே ஏறக்குறைய அப்படித்தான் வந்தேன். ஆயினும் "மருத்துவம் கிடைக்காததே ஊழியத்துக்கான அழைப்பு" என்று நான் சாட்சி சொல்வதில்லை. பதினெட்டு வயதில் எனக்கு உண்டான வலி வலியாகவே இருந்தது. அது ஆறப் பல ஆண்டுகள் ஆயின.

வேலூரை எடுத்துக்காட்டும் பெரியவர்கள் வேலூரின் வரலாற்றை முழுவதுமாகப் படிக்கவேண்டும். ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது 1909இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918இல். செவிலியர் பயிற்சி ஒன்பது ஆண்டுகள் முந்தியது. நாமோ செவிலியர் படிப்பைத் தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசாகப் பேசுகிறோம். நம் சபையிலேயே இரவுப் பணி முடித்து நேராக ஆலயத்துக்கு வரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் நான் பொன்னாடை போர்த்தியதில்லை.

இனி, மதிப்பெண் குறைந்து மனம் உடைந்திருக்கும் மகனே, மகளே, உங்களோடு. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்ட எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டார். இரண்டாம் முறையும் உணவு கொடுத்தார். அடுத்த வேலையைப் பற்றிய பேச்சு வெகுநாள் கழித்து ஓரேபில்தான் வந்தது. ஆகவே முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள், அழவேண்டுமானால் அழுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதுவதா என்பதை இந்த வாரமே தீர்மானிக்கவேண்டியதில்லை. இத்தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. தீர்மானிக்கும்போது ஒன்றை மட்டும் உங்களையே கேளுங்கள்: மருத்துவர் ஆகவேண்டும் என்பது என் ஆசையா, வீட்டாரின் ஆசையா? வேறு படிப்பை விரும்பினால் அந்த விண்ணப்பங்களின் கடைசி நாள் தவறிப்போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நள்ளிரவானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அப்படி எண்ணியது விசுவாசக் குறைவு என்று எவரும் உங்களிடம் சொல்ல நான் விடமாட்டேன்.

பெற்றோரே, உறவினர் மதிப்பெண்ணைக் கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். பிள்ளையை முன்னே தள்ளாதிருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரவேண்டாம்.

வாக்குத்தத்த அட்டை இனி அச்சிடப்படாது. பொன்னாடையும் நிறுத்தப்படுகிறது, இதில் வருத்தமுள்ள மூப்பர்கள் என்னிடம் நேரில் பேசலாம். தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளும், மதிப்பெண் எதுவானாலும், வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குருமனைக்கு வாருங்கள். நம் சபையின் செவிலியர் இருவரும், மூன்றாம் முறை எழுதி மருத்துவரான ஒருவரும், இரண்டு முறை எழுதியபின் விட்டுவிட்டு இப்போது பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மகளும் வருகிறேன் என்றாள்.