படிப்பகங்களும் நம் வரலாற்றுச் சின்னங்களே

1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை 2005இல் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதே வட்டாரத்தில் துறைமுகக் கப்பல்களுக்கு மூட்டை சுமந்த நம் தாத்தாக்கள் மாலையில் கூடிப் பேசிய கட்டடங்களை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நம் குடியிருப்புகளில் அம்பேத்கர் பெயரில் படிப்பகங்களும் இரவுப் பள்ளிகளும் உண்டு. தெருக்காரர்கள் கூலிக்காசைச் சேர்த்து எழுப்பியவை. ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை, அன்றைய நாளிதழ். பார்த்தால் ஒன்றுமில்லை. பஞ்சாயத்து, சங்கக் கூட்டம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அங்கேதான் நடந்தன.

இந்த மரபு நேற்று வந்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பெரம்பூரிலும் பௌத்த சங்கம் வேரூன்றியது. அந்தப் பணியில் முன்நின்ற பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலை, 1948இல் அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதி மறுபடி பதிப்பித்தார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் 1806இல் கட்டிய கூட்ட இல்லம் ஒன்று இருக்கிறது. வழிபாடு, பள்ளிக்கூடம், அரசியல் எல்லாம் அதற்குள்தான். 1832இல் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் ஒன்று அங்கே பிறந்தது. பிறகு கட்டடம் கைமாறிப்போனது. 1972இல் ஒரு கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1855இல் இருந்த தோற்றத்துக்கே மீட்டு 2011இல் திறந்தார்கள். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு உழைப்பு!

நாமோ பழையதை இடித்துவிட்டு கிரானைட் பதித்த மன்றம் கேட்கிறோம். கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் பெரிதாக இருக்கும், மண் சுமந்தவர் பெயர் இருக்காது. இதில் அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மரபுக் கட்டடங்களைக் காக்க 2012இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. கோயில், கோட்டை, வெள்ளைக்காரன் கட்டிய மாளிகை என்பதோடு அந்தப் பார்வை நிற்கக் கூடாது. தூணின் அழகைப் போலவே உள்ளே நடந்ததையும் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஆதாரம் வேண்டும். படிப்பகம் நிற்கும் இடத்துக்குப் பட்டா இருக்கிறதா, பழைய தீர்மானப் புத்தகமும் சந்தா ரசீதும் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே விசாரிக்கலாம். எண்பது வயதுப் பெரியவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவுசெய்ய ஒரு பிற்பகல் போதும். கூரை மாற்றும் வேலை அதற்குப் பிறகு.