வீதிக் கமராக்கள் உயிர் காக்கவா, தண்டம் அறவிடவா?

கொழும்பு மாநகரின் பிரதான சந்திகளில் பொருத்தப்பட்டுள்ள சிசிடிவி கமராக்களின் துணையுடன் வீதி ஒழுங்குகளை மீறும் சாரதிகளை இனங்காணும் திட்டத்தைப் பொலிஸார் 2024 ஜனவரி 22ஆம் திகதி ஆரம்பித்தனர். வாகனத்தின் பதிவு இலக்கத்தைக் கொண்டு உரிமையாளரைக் கண்டறிந்து, அவர் வசிக்கும் பிரதேசத்துப் பொலிஸ் நிலையத்தின் ஊடாக அறிவித்தல் அனுப்புவதே இதன் நடைமுறையாகும். வேகமானிகளுடன் வீதியோரத்தில் நிற்கும் பொலிஸாரையே அதுவரை அறிந்திருந்த எமது சாரதிகளுக்கு இது புதியதோர் அனுபவமாகும்.

ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கும் ஒரு நாட்டில் இத்தகைய முயற்சி வரவேற்கத்தக்கதே. கமரா இலஞ்சம் பெறுவதில்லை. வாகனத்தில் இருப்பவர் அமைச்சரின் உறவினரா, அவர் பேசுவது எந்த மொழி என்று அது விசாரிப்பதுமில்லை. வீதிச் சோதனைகளில் பாரபட்சத்தை நீண்ட காலம் அனுபவித்த சமூகங்களுக்கு இதன் பெறுமதி நன்கு புரியும். ஆயினும், கமராவை எங்கே பொருத்துவது, அது பதிவு செய்வதை வைத்து என்ன செய்வது என்பனவற்றைத் தீர்மானிப்போர் மனிதர்களே. இவ்விடயத்தில் ஏனைய நாடுகளின் சாரதிகள் பெற்ற அனுபவம் எமக்குப் படிப்பினையாக அமைய வேண்டும்.

அமெரிக்காவின் சிக்காகோ மாநகரம் 2003இல் சிவப்பு விளக்குக் கமராக்களை அறிமுகப்படுத்தியது. இத்திட்டத்திற்குப் பொறுப்பாக இருந்த மாநகர அதிகாரி ஜோன் பில்ஸ், கமராக்களை வழங்கிய ரெட்பிளெக்ஸ் நிறுவனத்திடம் இலஞ்சம் பெற்றமைக்காக 2016இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார். வீதியில் நடைபெறும் இலஞ்சத்தை ஒழிக்கக்கூடிய கருவி, அதனைக் கொள்வனவு செய்யும் மேசையிலேயே இலஞ்சத்திற்கு வழிவகுத்துவிட்டது.

அதனிலும் சாரதிகளைச் சினமூட்டியது மஞ்சள் விளக்கின் கால அளவாகும். நிற்பதா, கடப்பதா என்று சாரதி முடிவெடுப்பதற்கான அவகாசமே மஞ்சள் விளக்கு. அது ஆகக் குறைந்தது 3 செக்கன்கள் ஒளிர வேண்டியிருக்க, அதற்குச் சற்றுக் குறைவாக, 2.9 செக்கன் அளவில் ஒளிர்ந்த சந்தர்ப்பங்களிலும் சுமார் 77 ஆயிரம் தண்டப் பத்திரங்கள் அனுப்பப்பட்டிருந்தமை 2014இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் தண்டம் 100 டொலர். செக்கனின் பத்தில் ஒரு பங்கு அற்பமானதாகத் தோன்றலாம். எனினும், விதிமுறையைச் சாரதி மட்டுமே துல்லியமாகப் பேண வேண்டும், மாநகரத்திற்கு அது பொருந்தாது என்ற எண்ணம் ஒருமுறை வேரூன்றிவிட்டால் அதனைக் களைவது எளிதன்று.

அதே ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சிக்காகோவின் கமராச் சந்திகளில் பக்கவாட்டில் மோதிக் காயமேற்படும் விபத்துகள் 15 வீதம் குறைந்திருந்ததையும், பின்புறமாக மோதிக் காயமேற்படும் விபத்துகள் 22 வீதம் அதிகரித்திருந்ததையும் எடுத்துக் காட்டியது. தண்டத்திற்கு அஞ்சித் திடீரெனத் தடையை அழுத்தும் சாரதியைப் பின்னால் வருபவர் மோதிவிடுகிறார். கமராவால் நன்மை இல்லை என்பது இதன் பொருளன்று. பொருத்தும் இடம் ஆராய்ந்து தெரியப்பட வேண்டும் என்பதே இதன் பொருள்.

கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் செறிந்து வாழும் பகுதிகளின் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் தண்டப் பத்திரங்கள் சென்றிருந்தமையும் 2022இல் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனத்தின் பகுப்பாய்வில் தெரியவந்தது. கமரா நிறம் பார்க்கவில்லை. ஆனால், அப்பகுதிகளின் வீதிகள் அகலமாகவும் வேகத்தைத் தூண்டும் வகையிலும் அமைந்திருந்தன. வீதியைத் திருத்தாமல் சாரதியை மட்டும் தண்டிப்பதால் விளையும் அநீதி இது.

பிரித்தானியாவின் நடைமுறையில் நாம் கவனிக்க வேண்டிய சில அம்சங்கள் உள்ளன. கமராவில் பதிவாகும் வேகக் குற்றம் பற்றிய அறிவித்தல், பதிவு செய்யப்பட்ட வாகனப் பொறுப்பாளருக்கு 14 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும். வாகனத்தைச் செலுத்தியவர் யாரென அவர் தெரிவிக்க வேண்டும். வேக எல்லையைச் சிறிதளவே மீறியவருக்குத் தண்டத்திற்குப் பதிலாக விழிப்புணர்வு வகுப்பில் கலந்துகொள்ளும் வாய்ப்பும் அளிக்கப்படுகிறது. மறைந்திருந்து பிடிப்பதைவிட, கண்ணுக்குத் தெரிந்து வேகத்தைக் குறைக்கச் செய்வதே நோக்கம் என்பதால் இங்கிலாந்தின் பிரதான நெடுஞ்சாலைகளிலுள்ள நிலையான வேகக் கமராக்களுக்கு மஞ்சள் வர்ணம் பூசப்பட்டுள்ளது.

எமது நாட்டில் வாகனம் பல கைகள் மாறிய பின்னரும் பதிவுப் புத்தகத்தில் பழைய உரிமையாளரின் பெயரே நீடிப்பது வழமையாகிவிட்டது. உரிமை மாற்றம் செய்யாது, 'ஓபன் பேப்பரில்' கைமாறும் வாகனத்தின் குற்றத்திற்கு, அதனை எப்போதோ விற்றுவிட்டவரின் வீட்டுக்கு அறிவித்தல் செல்கிறது. உரிமை மாற்றத்தை உடனடியாகச் செய்துகொள்வது மக்களின் கடமையாகும். அதேவேளை, வாகனம் தன்வசம் இல்லை என்பதை நிரூபிக்க இலகுவான வழியை ஏற்படுத்துவது அதிகாரிகளின் கடமையாகும்.

மொழிப் பிரச்சினை இன்னொன்று. பொலிஸ் நிலையங்களில் தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட ஆவணங்களில் ஒப்பமிட நேர்வது தமிழ் பேசும் மக்களின் நெடுநாளைய முறைப்பாடாகும். மட்டக்களப்பிலோ புத்தளத்திலோ உள்ள ஒருவருக்குக் கொழும்புக் கமராவின் அறிவித்தல் கிடைக்குமாயின், குற்றம் என்ன, எங்கே எப்போது நிகழ்ந்தது, எவ்வாறு ஆட்சேபிக்கலாம் என்பன அவரது மொழியில், புகைப்படத்துடன் விளக்கப்பட வேண்டும். இது சலுகையன்று, அரசியலமைப்பு அளித்துள்ள உரிமை.

தண்டத்தின் சுமையும் அனைவருக்கும் ஒன்றல்ல. 2018இல் நடைமுறைக்கு வந்த வேகத் தண்டங்கள் 3,000 ரூபாவில் தொடங்கி 15,000 ரூபா வரை செல்கின்றன. வசதி படைத்தவருக்கு அது ஓர் இரவு விருந்தின் செலவு. முச்சக்கர வண்டிச் சாரதிக்கோ அது பல நாள் உழைப்பு. அன்றைய வசூலை நம்பி ஒன்றையொன்று முந்தும் தனியார் பஸ்களின் வேகத்திற்குச் சாரதியின் கால் மட்டும் காரணமன்று. போட்டியைத் தூண்டும் அந்த வருமான முறைமையைக் கமரா ஒருபோதும் படம் பிடிக்கப் போவதில்லை.

எனவே, ஒவ்வொரு கமராச் சந்தியிலும் விபத்துகள் எவ்வளவு குறைந்தன என்ற விபரத்தையும், அறவிடப்பட்ட தண்டத்தின் தொகையையும் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். முதலாவது தொகை பேசப்படாமல் இரண்டாவது மட்டும் சாதனையாகக் காட்டப்படுமாயின், சாரதிகள் கமராவுக்கு முன்னால் மட்டுமே வேகத்தைக் குறைப்பர். அதனைக் கடந்ததும் மீண்டும் விரைவர். உயிர்கள் பறிபோவது பெரும்பாலும் கமரா இல்லாத வீதிகளிலேயே என்பதைச் சம்பந்தப்பட்டோர் மறந்துவிடலாகாது.