மாடிப்படி மியாவ்!

ராத்திரி ரெண்டு மணி. காலையில இன்டர்னல் டெஸ்ட். ஜன்னலுக்கு வெளியே ஹாஸ்டல் பூனை ஊரையே கூட்டுது. 'பசி மச்சி', 'வயித்துவலி போல', 'பூனை இல்லடா, பேய்!'னு ரூமுக்கு ஒரு தியரி. ஒருத்தர் பக்கெட் தண்ணியோட ரெடி. கொஞ்சம் பொறுங்க பாஸ். மேடம் பருவத்துக்கு வந்திருக்காங்க. டாக்டர்கள் பாஷையில 'ஹீட்'.

தரையில உருளும், காலை உரசும், முதுகைத் தொட்டா பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும். நாய்க்கு மாதிரி ரத்தக்கசிவு தெரியாது. அதனாலதான் பலரும் இதை நோவுன்னு நினைச்சு பாராசிட்டமால் கொடுக்கப் பார்க்கிறாங்க. தயவுசெய்து வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும்.

இந்தக் கச்சேரி சுமார் ஒரு வாரம். ஜோடி சேராட்டி அடங்கிடும், ஆனா ரெண்டு மூணு வாரத்துல மறுபடி ஆரம்பிக்கும். காரணம், பூனைக்கு இணை சேர்ந்தாதான் பொதுவா கருமுட்டையே வெளிவரும். குளிர் நாடுகள்ல பகல் குறையுற மாசங்கள்ல இதுக்கு லீவு உண்டு. நம்ம ஊர்லதான் வருஷம் பூரா வெயிலாச்சே, லீவே கிடையாது!

நாலு மாசக் குட்டிக்கே பருவம் வரலாம். சினைக்காலம் ரெண்டு மாசம்தான். குட்டிங்க பால் குடிச்சிட்டு இருக்கும்போதே தாய் அடுத்த ரவுண்டுக்குத் தயாராகிடலாம். ஒரே ஈத்துல பிறந்த குட்டிகளுக்கு அப்பா வேற வேறயா இருக்கறதும் சகஜம். (கிசுகிசு இல்லீங்க, சயின்ஸ்!)

சிரிச்சாச்சா? இப்ப மே மாசத்தை யோசிங்க. எக்ஸாம் முடிஞ்சு மெஸ்ஸைப் பூட்டிட்டு எல்லாரும் ஊருக்குப் போயிடுவீங்க. நாலு குட்டியோட அது யார்கிட்ட சோறு கேட்கும்?

இதுக்கு வழி கருத்தடை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து சினைப்பையையும் கருப்பையையும் எடுத்துடுவாங்க. 'ஒரு தடவையாவது தாயாகட்டுமே'ங்கறது நம்ம சென்டிமென்ட், பூனையோடது இல்லை. அஞ்சு மாசத்துக்குள்ள செய்யறது நல்லது. 2005-ல் வந்த ஒரு ஆய்வுல, 6 மாசத்துக்கு முன்னாடி ஆபரேஷன் ஆன பூனைகளுக்கு மார்புப் புற்றுநோய் ஆபத்து 91 சதவீதம் குறைவுன்னு தெரிஞ்சது. கருப்பையில சீழ் பிடிக்கிற தொல்லையும் இருக்காது. செலவுக்குப் பயந்து கருத்தடை மாத்திரை, ஊசின்னு போனா, அதே புற்றுநோயையும் சீழையும் நாமே கூப்பிட்டு வர்ற மாதிரி.

பர்த்டே ட்ரீட் காசை ஒரு தடவை இதுக்குத் திருப்பினா என்ன? சென்னை மக்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. மத்த ஊர்க்காரங்க பக்கத்து கால்நடை மருத்துவமனையில விசாரிங்க. கத்திட்டு இருக்கும்போதே தூக்கிட்டு ஓட வேண்டாம். அந்த நேரத்துல ரத்த ஓட்டம் அதிகம், அடங்கட்டும்னு டாக்டர் சொல்லலாம். பால் கொடுக்கிற தாயா இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

முக்கியமா, செமஸ்டரோட கடைசி நாள்ல ஆபரேஷன் வைக்காதீங்க. தையல் ஆற பத்துப் பதினாலு நாள் ஆகும். அதுவரைக்கும் நக்கிப் பிரிக்காம பார்த்துக்க ஒரு ரூமும், பொறுப்பான ஒரு ஆளும் வேணும். வார்டன் சாரை இப்பவே பிடிச்சு வைங்க.