கைக்கடிகாரத்தில் டெலிபோன் பேசலாமா?

கடையில் ஏமாறுவது இரண்டு விதம். கடைக்காரர் பொய் சொல்லி நாம் ஏமாறுவது ஒரு விதம். அவர் மெய்யையே சொல்லி, நாம் வேறு எதையோ புரிந்துகொண்டு ஏமாறுவது இன்னொரு விதம். முதலாவதற்குப் போலீஸ் உண்டு, கோர்ட்டு உண்டு. இரண்டாவதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

இந்த இரண்டாவது விதத்துக்கு இன்றைக்கு நல்ல உதாரணம் "பேசும்" கைக்கடிகாரம்.

"இதிலே போன் பேசலாமா?" என்று கேட்கிறோம்.

"தாராளமாகப் பேசலாம், அம்மா!" என்கிறார் கடைக்காரர்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பேசலாம்தான். ஆனால் எங்கே இருந்துகொண்டு பேசலாம், பக்கத்தில் என்ன இருந்தால் பேசலாம் என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

சென்னைச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். டெலிபோன் கூடத்து மேஜையின் மேல் இருந்தது. மகள் வழக்கம்போல் எட்டு மணிக்கு அழைத்திருக்கிறார். மணி அடிப்பது தாயாரின் காதில் நன்றாக விழுந்திருக்கிறது. எழுந்து போய் எடுக்கத்தான் முடியவில்லை. பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை ஒரு மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை.

மறு வாரமே மகள் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு "பேசும்" கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குள் பிரமாதமாகப் பேசிற்று. அம்மாள் டெலிபோனை வீட்டில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போன அன்று, அது வாயே திறக்கவில்லை! "கடிகாரம் பழுதா, அல்லது நான் வாங்கியதே தவறா? டெலிபோன் இல்லாமலே பேசுகிற கடிகாரம் உண்மையிலேயே உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு. கடிகாரத்திலும் பழுது இல்லை. ரகம்தான் வேறு.

கையில் கட்டிய கருவியில் பேசுவது பழைய ஆசை. அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த டிக் டிரேஸி என்ற துப்பறியும் படக் கதையில், 1946-ஆம் வருஷமே கதாநாயகர் மணிக்கட்டு ரேடியோவில் பேசிக்கொண்டு திருடர்களைத் துரத்தினார். கதையில் நடந்தது கடைக்கு வர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1999-ல் சாம்சங் கம்பெனி கைக்கடிகார டெலிபோன் ஒன்றைச் செய்தது. 2017-ல் ஆப்பிள் கம்பெனி, டெலிபோன் கோபுரத்தோடு நேரே பேசும் கடிகாரத்தை வெளியிட்டது. அடுத்த வருஷமே ஜியோ, ஏர்டெல் வழியாக அது நம் நாட்டுக்கும் வந்துவிட்டது.

இப்போது கடையில் இருப்பவை மூன்று ரகம். இவற்றைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் ரகம், புளூடூத் கடிகாரம். 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவைதாம். கூடத்து ரேடியோவிலிருந்து சமையலறைக்குக் கம்பி இழுத்து ஓர் ஒலிபெருக்கி வைப்பார்களே, அது போலத்தான் இது. பாடுவது என்னவோ கூடத்து ரேடியோதான். இங்கேயும் பேசுவது டெலிபோன். கடிகாரம் அதற்கு வாயும் காதும் மட்டுமே. டெலிபோன் ஏறக்குறைய 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; நடுவில் கனத்த சுவர் இருந்தால் அந்தத் தூரமும் குறையும். கைவேலையாக இருக்கும்போது பேச இது மெத்தச் சௌகரியம். ஆனால் டெலிபோனை விட்டுப் பிரிந்தால் இது வெறும் கடிகாரம்.

இரண்டாவது ரகம், ஈ-ஸிம் உள்ள கடிகாரம். நாம் கையால் போடுகிற ஸிம் அட்டைக்குப் பதிலாக, உள்ளேயே பதித்த சின்னஞ்சிறு சில்லு ஒன்று இருக்கும். டெலிபோன் கம்பெனி அதில் உங்கள் கணக்கை ஏற்றிவிடும். டெலிபோனுக்கு என்ன நம்பரோ, கடிகாரத்துக்கும் அதே நம்பர். டெலிபோன் வீட்டில் கிடக்க, நீங்கள் கடற்கரையில் நடந்துகொண்டே பேசலாம். பெயர் பெற்ற கம்பெனிகளின் புது மாதிரிகள் பெரும்பாலும் 25,000 ரூபாய்க்கு மேல்தான்.

மூன்றாவது ரகம், சாதாரண ஸிம் அட்டையையே உள்ளே போட்டுக்கொள்ளும் கடிகாரம். இதற்குத் தனி நம்பர், தனி ரீசார்ஜ். ஐயாயிரம், ஆறாயிரத்துக்கும் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் பல இந்த ரகம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலிவான சில மாதிரிகள் பழைய 2ஜி அலையில் மட்டுமே வேலை செய்யும். ஜியோவுக்கோ 2ஜி கிடையவே கிடையாது. ஆகவே 4ஜி உண்டா, அதிலேயே பேச்சும் போகுமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்து அம்மாளிடம் இருப்பது முதல் ரகம். அவருக்குத் தேவை இரண்டாவதோ, மூன்றாவதோ.

சரி, கடைக்குப் போய் என்ன பார்ப்பது?

முதலில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரே பெயரில், ஒரே உருவத்தில் இரண்டு விதம் விற்பார்கள். ஆப்பிள் கடிகாரத்தில் "ஜி.பி.எஸ்." என்று மட்டும் போட்டிருந்தால் தனியாகப் பேசாது, "ஜி.பி.எஸ். + செல்லுலர்" என்று இருக்க வேண்டும். சாம்சங் கடிகாரத்தில் "புளூடூத்" என்பது ஒன்று, "எல்.டி.இ." என்பது மற்றொன்று. பேச வேண்டுமானால் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். "புளூடூத் காலிங்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது முதல் ரகமே.

அடுத்தது ஜோடிப் பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் இதற்கு இரண்டாவது பார்க்க வேண்டாமா? ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடுதான் குடித்தனம் செய்யும். இன்றைய சாம்சங் கடிகாரங்களோ ஆண்ட்ராய்டு டெலிபோனோடுதான் ஒத்துப்போகும்; ஐபோனோடு சேராது. தாயாரிடம் ஐபோன் இல்லை, மகளிடம்தான் இருக்கிறது என்றாலும் ஒரு வழி உண்டு. 2020-லிருந்து, குடும்பத்தில் ஒருவருடைய ஐபோனைக் கொண்டே இன்னொருவரின் ஆப்பிள் கடிகாரத்தை ஏற்பாடு செய்து கொடுக்கலாம். ஆனால் எல்லா டெலிபோன் கம்பெனிகளும் இதற்கு ஒத்துழைப்பதில்லை.

அதனால்தான் மூன்றாவது காரியத்தைக் கடிகாரம் வாங்குமுன்பே செய்துவிட வேண்டும். அதாவது, உங்கள் டெலிபோன் கம்பெனியின் காரியாலயத்துக்குப் போய் விசாரிப்பது. இந்த மாதிரிக் கடிகாரத்துக்கு ஈ-ஸிம் கொடுப்பீர்களா? முன்பணத் திட்டத்துக்கும் உண்டா, மாதப் பில் கட்டுகிறவர்களுக்கு மட்டுமா? தனிக் கட்டணம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, பிறகு கடைத்தெருவுக்குப் போங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளையோ, மாப்பிள்ளையோ வாங்கிக்கொண்டு வரும் கடிகாரத்திலும் எச்சரிக்கை தேவை. அலைவரிசை தேசத்துக்குத் தேசம் மாறும். ஆப்பிள் கடிகாரத்தின் பல வரிசைகளில் அமெரிக்கக் கண்டத்துக்கு ஒரு மாதிரி, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வேறு மாதிரி. அங்கே பேசியது இங்கே மௌன விரதம் இருக்கலாம். பரிசு கொடுத்தவருக்கும் வருத்தம், வாங்கியவருக்கும் வருத்தம்!

நான்காவது, பரீட்சை. பழகிய கடையானால் செய்து காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், வாங்கி ஈ-ஸிம் ஏற்றிய அன்றே நீங்களாகச் செய்து பாருங்கள். டெலிபோனை வீட்டில் வைத்துவிட்டுத் தெருக்கோடி வரையில் நடந்து போங்கள். அங்கிருந்து கடிகாரத்தில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். போவதும் வருவதும் இரண்டும் சரியாக இருந்தால்தான் தேறியது என்று அர்த்தம். பிறகு வீட்டுக்குள் வந்து, டெலிபோனை அணைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கிருந்தும் ஒரு தடவை பேசிப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளின் உள்ளறைகளில் அலை எட்டாமல் போவது உண்டு. பரீட்சை முடிந்ததும் டெலிபோனை மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள். பேச்சு நேரே கடிகாரத்துக்கு வந்துவிடும். ஆனால், ஆப்பிள் கடிகாரத்துக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். வர வேண்டுமானால், வீட்டிலிருக்கும் ஐபோன் அணையாமல், இணைப்போடு இருக்க வேண்டும். பாங்கிக்காரர் அனுப்பும் ரகசிய எண்ணை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இனி பாட்டரி. சின்ன உடம்பில் எத்தனை தெம்பு இருக்கும்? சாதாரண உபயோகத்துக்கு ஒரு நாள் தாங்கும். ஆனால் கோபுரத்தோடு நேரே பேச ஆரம்பித்தால் மளமளவென்று இறங்கும். 2020-ல் வந்த ஆறாவது வரிசைக்கு, 4ஜி-யில் தொடர்ந்து பேசினால் ஒன்றரை மணி நேரம் என்று ஆப்பிள் கம்பெனியே கணக்குச் சொல்லிற்று. ஆகவே நாத்தனாரோடு ஊர் வம்பு பேசுவதற்கு டெலிபோன்தான் லாயக்கு. கடிகாரம் நாலு வார்த்தைக்கு.

எல்லோரும் ராத்திரி படுக்கும்போது கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜ் போடுகிறார்கள். வயதானவர்களுக்கு இந்த வழக்கம் உதவாது. நடு ராத்திரியில் இருட்டில் எழுந்து போகும்போதுதான் விழும் பயம் அதிகம். அப்போது கை வெறுமையாக இருந்தால் கடிகாரம் எதற்கு? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து டெலிவிஷனில் தொடர் பார்க்கும் நேரத்தில், டெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைச் சார்ஜ் போடட்டும். ராத்திரி கையிலேயே இருக்கட்டும்.

குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். தண்ணீர் தாங்குமா என்று கேட்பீர்கள். 50 மீட்டர் அளவுக்குத் தாங்கும் என்று குறிப்பிட்ட மாதிரிகளாகப் பார்த்து வாங்குங்கள். சோப்பும் ஷாம்புவும் அதற்கு ஆகாது. நாளடைவில் உள்ளே நீர் புகாமல் காக்கும் பசையைக் கெடுக்கும். எனவே குளித்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துவிட வேண்டும். சோப்புப் பட்டுக் கடிகாரத்தின் ஆயுள் சற்றுக் குறைந்தாலும் குறையட்டுமே; வழுக்கும் தரையில் கை வெறுமையாக இருப்பதைவிட அது மேல்.

விழுந்தால் தானே தெரிந்துகொள்ளும் கடிகாரங்களும் உண்டு. ஆப்பிளில் 2018-லிருந்து இந்த வசதி இருக்கிறது. பலமாக விழுந்து, ஒரு நிமிஷம் போல அசைவில்லாமல் கிடந்தால், அதுவே அவசர உதவி எண்ணைக் கூப்பிடும். குறித்து வைத்த உறவினருக்கும் செய்தி அனுப்பும். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இது தானாக இயங்கும். மற்றவர்கள் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஆகையால் பதியும்போது அம்மாவின் வயதைச் சரியாகக் கொடுங்கள். பத்து வயதைக் குறைத்துச் சொல்லும் இடம் இதுவல்ல! ஆனாலும், சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ளச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் அதற்குத் தெரியாமல் போகலாம். அதற்காக, பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் முறையையும், 112 என்ற அவசர எண்ணையும், 108 ஆம்புலன்ஸையும் பழக்கிவிட வேண்டும். இடது கையில் வளையல் இடித்துப் பொத்தான் தானே அழுந்துகிறதா என்றும் பார்த்து, தேவையானால் வலது கைக்கு மாற்றுங்கள்.

பெண்களுக்கு இந்தச் சாதனம் ஒரு வரப்பிரசாதம் என்பதற்கு வேறு காரணமே வேண்டாம். புடவைக்குப் பை கிடையாது. டெலிபோனைக் கையில் பிடித்தால் வேலை ஆகாது. கீழே வைத்தால் வைத்த இடம் மறந்துபோகும். கடிகாரம் மணிக்கட்டை விட்டு எங்கே போகப் போகிறது?

கடைசியாக ஒன்று. கட்டிக்கொள்ளப் போகிறவர் சம்மதம் இல்லாமல் எந்தக் கடிகாரத்தையும் வாங்காதீர்கள். இவற்றில் பல, கட்டியிருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதையும் காட்டிக் கொடுக்கும். "எதற்காக அம்மா அந்தத் தெருவுக்குப் போனாய்?" என்று மகள் இங்கிருந்து விசாரிக்க ஆரம்பித்தால், மறுநாளே கடிகாரம் அலமாரிக்குள் போய்விடும். தாயார் தனியாக இருப்பது, தம் வீட்டில் தாமே எஜமானியாக இருக்க விரும்பித்தான். அந்தச் சுதந்திரத்துக்குத் துணையாக இருந்தால் கடிகாரத்துக்கு வரவேற்பு உண்டு. காவல்காரனாக மாறினால் கிடையாது. எது தெரிய வேண்டும், எது வேண்டாம் என்று இருவரும் முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு அபாயமும் உண்டு. இது பிள்ளைகளைப் பற்றியது. "கடிகாரம்தான் இருக்கிறதே, ஏதாவது என்றால் அதுவே கூப்பிடும்" என்று நிம்மதியாக இருந்துவிடுவது. ஒன்றும் ஆகாத நாட்களிலும் அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும் அல்லவா? காலை எட்டு மணிக்குக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டாயிரம் ரூபாய்க் கடிகாரமானாலும் முப்பதாயிரம் ரூபாய்க் கடிகாரமானாலும், மறுமுனையில் பேச ஒருவர் இருந்தால்தான் அது டெலிபோன்.